‘லெண்ட்ஸ் கிரீடன்ஸ்’ என்று செய்தி சொன்னால் எவ்வளவு நம்பலாம்?

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட். அந்தி நேரத்தில் சிறுத்தையைப் பார்த்ததாகத் தொழிலாளர்கள் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் வனத்துறையினர் வந்து பார்க்கும்போது ஈரமண்ணில் கால்தடங்கள் கிடைக்கின்றன. அந்தத் தடங்கள் தொழிலாளர்களின் கூற்றுக்கு ‘லெண்ட் கிரீடன்ஸ்’ (lend credence) செய்கின்றன, அதாவது அதை நம்ப வலுச் சேர்க்கின்றன, என்று ஆங்கில நாளிதழ் எழுதும். அதே தகவல் தமிழில் வரும்போது ‘சிறுத்தை நடமாட்டம் உறுதி’ என்று தலைப்பாகிவிடும். அதைச் சேலத்தில் படிப்பவர் குடும்பத்தோடு மலைக்குப் போகும் திட்டத்தைக் கைவிடுவார். மலையில் அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவருக்கு அந்த வாரம் வருமானம் போய்விடும்.

இந்த உதாரணம் கற்பனைதான். ஆனால் இந்த வகைப் பிறழ்ச்சி அன்றாடம் நடக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பு, மருத்துவ ஆய்வு, விசாரணைக் குழு அறிக்கை என எதைப் பற்றிய ஆங்கிலச் செய்தியிலும் ‘கிரீடன்ஸ்’ தலைகாட்டும். அந்தச் சொல் எவ்வளவு சொல்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று தெரியாவிட்டால் செய்தியின் எடையே மாறிவிடும்.

அடிப்படைப் பொருள்

‘கிரீடன்ஸ்’ ஒரு பெயர்ச்சொல். ஒரு கூற்றை உண்மையென ஏற்றுக்கொள்வது, அல்லது அப்படி ஏற்கத் தகும் நிலை என்பது அதன் பொருள். முதல் அசை நெடில், அழுத்தமும் அங்கேதான். ‘கிரெடிட்’ என்ற பழக்கத்தில் ‘கிரெடன்ஸ்’ என்று படித்துவிடக் கூடாது.

நம்புதல் என்று பொருள்படும் ‘கிரேதெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து, பழைய பிரெஞ்சு வழியாக, 14ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துக்கு வந்தது. கிரெடிட், கிரெடிபிள், கிரெடென்ஷியல், கிரீட் எல்லாம் ஒரே குடும்பம். நமக்கு நெருக்கமான உறவு ஒன்றும் இதில் உண்டு. அந்த லத்தீன் வினையும் வடமொழியின் ‘சிரத்தா’வும் ஒரே பழைய வேரில் பிறந்தவை, ‘இதயத்தை ஒன்றின்மேல் வைத்தல்’ என்பது அந்த வேரின் பொருள் என மொழியியலாளர் பலர் கொள்கின்றனர். ‘சிரத்தையாகப் படி’ என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அந்தச் சிரத்தைதான். தமிழில் அது கவனம், ஈடுபாடு என்ற பக்கம் போய்விட்டது. ஆங்கிலத்தில் நம்பிக்கையின் பக்கமே நின்றுவிட்டது.

இது பேச்சில் அரிதாக வரும் சொல். வீட்டிலோ கடையிலோ ஆங்கிலம் பேசுபவர் ‘பிலீவ்’ என்றே சொல்வார். நாளிதழ், தீர்ப்பு, ஆய்வுக் கட்டுரை, தலையங்கம் ஆகியவையே ‘கிரீடன்ஸ்’ புழங்கும் இடங்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு வாசிப்புப் பத்தியில் எதிர்ப்பட்டு இடறுவதும் இதனால்தான். பேசக் கேட்டுப் பழகாத சொல் அது.

யார் கொடுப்பது, எது சேர்ப்பது, எது பெறுவது?

இச்சொல் தனியாக வாக்கியத்தில் வருவது குறைவு. கூடவே ஒரு வினை வரும். அந்த வினையைப் பார்த்தாலே வாக்கியம் யாரைப் பற்றிப் பேசுகிறது என்று தெரிந்துவிடும்.

1. ‘கிவ் கிரீடன்ஸ் டு’: கொடுப்பவர் மனிதர். விசாரணை அதிகாரி ஒரு புகாருக்கு ‘கேவ் கிரீடன்ஸ்’ என்றால், அவர் அதை நம்பத் தகுந்ததாக எடுத்துக்கொண்டார் என்று பொருள். அதிகாரியின் மனநிலையைத்தான் அந்த வாக்கியம் சொல்கிறது. புகார் உண்மையா என்பது வேறு கேள்வி.

2. ‘லெண்ட் கிரீடன்ஸ் டு’: இங்கே எழுவாய் பெரும்பாலும் ஒரு சான்று. கால்தடம், ஆவணம், ஆய்வக முடிவு, இன்னொருவர் வாக்குமூலம் போன்றவை. ‘லெண்ட்’ என்பதைக் கடன் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்றுக்கு ஒரு தன்மையைச் சேர்ப்பது என்ற பொருளில் வருகிறது.

3. ‘கெய்ன் கிரீடன்ஸ்’: எழுவாய் அந்தக் கூற்றே. நம்புவோர் பெருகினார்கள் என்று பொருள். ஏன் பெருகினார்கள் என்று வாக்கியம் சொல்லாமலே விட்டுவிடலாம்.

4. ‘லிட்டில் கிரீடன்ஸ்’, ‘நோ கிரீடன்ஸ்’: இச்சொல் எதிர்மறையில் நிறைய வரும். ‘கேவ் லிட்டில் கிரீடன்ஸ்’ என்றால் ஏறத்தாழ நம்பவில்லை. ‘கேவ் எ லிட்டில் கிரீடன்ஸ்’ என்றால் கொஞ்சம் நம்பினார். ஓரெழுத்துச் சொல்லான அந்த ‘எ’ பொருளைத் திருப்பிவிடும்.

இலக்கணத்தில் இது எண்ண முடியாத பெயர். ‘மெனி கிரீடன்ஸஸ்’ என்று பொது எழுத்தில் வராது. பன்மை வடிவம் தத்துவக் கட்டுரைகளில் மட்டும் உண்டு. பின்னால் வரும் முன்னிடைச்சொல் ‘டு’. ‘லெண்ட் கிரீடன்ஸ் ஃபார்’ என்பது பிழை.

கிரெடிபிலிட்டியோடு குழப்பக் கூடாது

இரண்டுக்கும் ‘நம்பகத்தன்மை’ என்றே பலர் எழுதுகிறார்கள். கிரெடிபிலிட்டி என்பது சொல்பவரிடமோ சொல்லப்பட்டதிலோ இருக்கும் தகுதி. கிரீடன்ஸ் என்பது கேட்பவர் அளிக்கும் ஏற்பு. தகுதி இல்லாதவர் சொன்னதையும் ஊர் நம்பலாம். தகுதி உள்ளவர் சொன்னதை யாரும் காதில் வாங்காமல் போகலாம். அதனால்தான் ஒருவருக்குக் கிரெடிபிலிட்டி ‘இருக்கிறது’ என்று ஆங்கிலம் எழுதும்; கிரீடன்ஸைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ‘கொடுக்கப்படுகிறது’ என்று எழுதும். எதைச் சொன்னாலும் நம்பிவிடும் இயல்புக்குக் ‘கிரெடுலிட்டி’ என்று மூன்றாவது சொல் ஒன்றும் உண்டு.

எவ்வளவு என்பதை எண்ணாகப் பார்த்தால்

நிகழ்தகவை ஆராயும் தத்துவவாதிகள் கிரீடன்ஸ் என்ற சொல்லுக்குக் கறாரான பொருள் ஒன்றை வைத்திருக்கிறார்கள். 0 என்றால் முற்றிலும் நம்பவில்லை. 1 என்றால் துளி ஐயமும் இல்லை. இடையில் எந்த எண்ணும் வரலாம். நம்பிக்கையை இப்படி அளக்கலாம், ஒருவர் எந்த விகிதத்தில் பந்தயம் கட்டத் தயார் என்பதைக் கொண்டே அளக்கலாம் என்று கேம்பிரிட்ஜின் பிராங்க் ராம்சே 1926இல் எழுதினார். அந்தக் கட்டுரை அவர் இறந்த பிறகு 1931இல்தான் அச்சானது.

இந்த அளவுகோலை எஸ்டேட் உதாரணத்தில் வைத்துப் பார்க்கலாம். கீழே வரும் எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

1. ‘சிறுத்தையைப் பார்த்தேன்’ என்று 100 தகவல்கள் வருகின்றன. அவற்றில் 10 மட்டும் உண்மை என்று வைப்போம். சான்று எதுவும் வருவதற்கு முன் நம் நம்பிக்கையின் அளவு 10 சதவீதம்.

2. உண்மையான 10இல் 6 இடங்களில் பெரிய கால்தடம் கிடைக்கும். மீதி 90இலும் 9 இடங்களில் அப்படி ஒரு தடம் கிடைக்கும். பெரிய நாயின் தடம் ஈரமண்ணில் விரிந்து சிறுத்தையுடையது போலத் தெரியலாம்.

3. ஆகவே தடம் கிடைத்த இடங்கள் மொத்தம் 15. அவற்றில் 6 உண்மை. நம்பிக்கை 40 சதவீதம்.

10 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்கு உயர்வது பெரிய உயர்வு; நான்கு மடங்கு. ‘லெண்ட்ஸ் கிரீடன்ஸ்’ என்று எழுத முழுத் தகுதி உண்டு. ஆனால் இன்னமும் பாதிக்குக் கீழேதான் இருக்கிறோம். சிறுத்தை இல்லை என்பதற்கே இப்போதும் வாய்ப்பு அதிகம். ‘உறுதி’ என்று தலைப்பிட்டவர் 40ஐ 100 ஆக்கிவிட்டார்.

இன்னொரு சான்று வருகிறது. பக்கத்து எஸ்டேட்டில் ஓர் ஆடு தொண்டையில் கடிபட்டுக் கிடக்கிறது. உண்மையான அந்த 6இல் 3 இடங்களில் இப்படி நடக்கும், பொய்யான 9இல் 1 இடத்தில் நடக்கும் என்று வைத்தால், இப்போது 4இல் 3. நம்பிக்கை 75 சதவீதம். இதற்கும் ஆங்கிலச் செய்தியாளர் ‘லெண்ட்ஸ் ஃபர்தர் கிரீடன்ஸ்’ என்றே எழுதுவார். தானியங்கிக் கேமராவில் விலங்கின் படமே பதிந்த பிறகுதான் ‘கன்ஃபர்ம்ஸ்’ வரும்.

சான்று எதிர்ப்பக்கமும் இழுக்கலாம். சிறுத்தை நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக்கொள்வதால் அதன் தடத்தில் பொதுவாக நகக்குறி விழாது. நாயின் தடத்தில் விழும். கிடைத்த தடத்தில் நகக்குறி தெளிவாக இருந்தால் 10 சதவீதம் கூடத் தங்காமல் கீழே இறங்கும். எத்தகைய தடம் என்று சொல்லாமல் ‘தடம் கிடைத்தது’ என்று மட்டும் எழுதும் செய்தி பாதிச் செய்திதான்.

நீதிமன்றத்தில்

இச்சொல் மிகுந்த கனத்தோடு வரும் இடம் தீர்ப்புகள். சேலத்தில் ஒரு கொலை வழக்கு என்றால் சாட்சி கூண்டில் ஏறித் தமிழில் சொல்வார். மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது, அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி அங்கே நடவடிக்கைகள் ஆங்கிலத்தில். தமிழில் சொன்ன சாட்சியத்தின் எடையை ஆங்கிலத்தில் நிறுக்கிறார்கள். அந்த எடை நம் ஊருக்குத் திரும்பி வருவது மறுபடி தமிழ்ச் செய்தியாக. இரண்டு முறை மொழி மாறிய பிறகு ‘நோ கிரீடன்ஸ் கேன் பி அட்டாச்டு’ என்பது ‘சாட்சி பொய் சொன்னார் என நீதிபதி கூறினார்’ என்று ஆகிவிடுவது பெரிய அநியாயம். அந்தச் சாட்சியத்தை நம்பித் தீர்ப்பு எழுத முடியாது என்றுதான் நீதிபதி சொன்னார். சாட்சி இருட்டில் சரியாகப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பல மாதம் கழித்துச் சொன்னதால் நினைவு மங்கியிருக்கலாம். பொய்யர் என்று பெயர் வாங்கிய மனிதர் அதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும்.

சட்டம் கிரீடன்ஸ் என்பதை வரையறுக்கவில்லை. ‘நிரூபிக்கப்பட்டது’ என்பதை வரையறுத்திருக்கிறது. 1872இன் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்த அந்த வரையறை, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதிநியத்திலும் தொடர்கிறது. நீதிமன்றம் ஒன்றை இருப்பதாக நம்ப வேண்டும். அல்லது விவேகமுள்ள ஒருவர் அது இருப்பதாகக் கொண்டு செயல்படும் அளவுக்கு அதன் சாத்தியம் வலுவாக இருக்க வேண்டும். அப்போதுதான் நிரூபணம். ஒவ்வொரு சான்றுக்கும் எவ்வளவு கிரீடன்ஸ் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டே போவது வழி. நிரூபணம் அந்த வழியின் முடிவில் வருவது.

படிநிலைகளைத் தெளிவாக வைத்த தீர்ப்பு ஒன்று அப்போதைய சென்னை மாநிலத்து வழக்கில்தான் வந்தது. 1957இல் வடிவேலு தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாய்மொழிச் சாட்சியத்தை மூன்றாகப் பிரித்தது.

1. முழுமையாக நம்பத் தகுந்தது. இப்படி ஒரே சாட்சி இருந்தாலும் தண்டனைக்குப் போதும்.

2. சற்றும் நம்பத் தகாதது. இப்படி எத்தனை பேர் வந்தாலும் பயனில்லை.

3. முழுமையாக நம்பவும் முடியாதது, முழுமையாகத் தள்ளவும் முடியாதது. இங்கே வேறு சான்றின் துணை வேண்டும்.

‘லெண்ட்ஸ் கிரீடன்ஸ்’ என்ற தொடருக்கு உண்மையில் வேலை இருப்பது மூன்றாவதில். ஒரு கைப்பேசி அழைப்புப் பதிவோ, உடற்கூறாய்வு அறிக்கையோ, கண்காணிப்புக் கேமரா காட்சியோ இந்த வகைச் சாட்சியத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது அதன் எடை கூடுகிறது. பிறழ் சாட்சிகளின் நிலையும் இதுதான். ஒருவர் பிறழ் சாட்சி ஆகிவிட்டார் என்பதற்காக அவர் சொன்னது முழுவதும் குப்பைக்குப் போய்விடாது. வேறு சான்று துணைநிற்கும் அளவுக்கு அதில் ஒரு பகுதியை ஏற்கலாம் என்பது இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் நெறி. ‘முக்கியச் சாட்சி பிறழ்ந்தார், வழக்கு முடிந்தது’ என்று அவசரமாக எழுதும் செய்தி இதைத் தவறவிடுகிறது.

‘கெய்ன்டு கிரீடன்ஸ்’: நம்புவோர் பெருகியதால் உண்மையாகாது

இந்த ஒரு தொடரை மட்டும் ஆங்கிலம் தெரிந்தவர்களே தவறாகப் படிக்கிறார்கள். 2018இல் குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்ற தகவல் வாட்ஸ்அப் வழியாகத் தமிழகத்தின் வட மாவட்டங்களில் பரவியது. அந்த மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் கோயிலுக்குப் போக வந்த சென்னைக் குடும்பம் ஒன்று குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்ததைப் பார்த்து, ஊர்க்காரர்கள் கூடி அந்தக் குடும்பத்தைத் தாக்கினார்கள். 65 வயதுப் பெண் உயிரிழந்தார். கடத்தல் கும்பல் எதுவும் இல்லை.

அந்த வதந்தி ‘கெய்ன்டு கிரீடன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் அது சரியான வாக்கியமே. நம்பினார்கள் என்பது மட்டுமே அதில் உள்ள செய்தி. அதைத் ‘தகவலின் நம்பகத்தன்மை அதிகரித்தது’ என்று தமிழாக்கினால், வதந்திக்கு நாமே சான்றிதழ் கொடுத்தவர்கள் ஆகிறோம். ‘பலரும் நம்பத் தொடங்கினர்’ என்பதே போதும்.

தமிழில் எப்படி எழுதலாம்

சேலத்து வாசகருக்கு ஆங்கிலச் செய்தியைத் தமிழில் கொண்டுவருபவர்களுக்கு, என் பார்வையில் பொருந்தும் வடிவங்கள் இவை:

1. ‘லெண்ட்ஸ் கிரீடன்ஸ் டு’: ‘வலுச் சேர்க்கிறது’. ஏற்கெனவே நம் நாளிதழ்களில் இருக்கும் தொடர். அளவு மிகாமல் நிற்கிறது.

2. ‘கேவ் கிரீடன்ஸ் டு’: ‘நம்பி ஏற்றார்’. யார் என்பதை விடாமல் எழுத வேண்டும்.

3. ‘நோ கிரீடன்ஸ்’: ‘ஏற்கத் தக்கதாகக் கருதவில்லை’.

‘உறுதி’, ‘நிரூபணம்’, ‘அம்பலம்’ ஆகிய மூன்றும் இந்தச் சொல்லுக்கு ஒருபோதும் பொருந்தாதவை. பழந்தமிழில் ‘தேறுதல்’ என்றொரு சொல் இருந்தது. ஆராய்ந்து பார்த்தபின் நம்புதல் என்ற பொருளில். தேர்வில் தேறுவது, மனம் தேறுவது என்று அது இன்று வேறு பக்கம் போய்விட்டதால் செய்தியில் பயன்படாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

செய்திக்கு வெளியே

வெளிநாட்டுத் தூதர் புதுதில்லியில் குடியரசுத் தலைவரிடம் அளிக்கும் நியமனக் கடிதத்துக்கு ‘லெட்டர் ஆஃப் கிரீடன்ஸ்’ என்று பெயர். இவர் சொல்வதை எம் அரசு சொல்வதாக நம்புங்கள் என்று அவரை அனுப்பிய நாட்டின் தலைவர் எழுதித் தரும் கடிதம் அது. ஏற்காட்டிலும் சேலத்திலும் உள்ள கத்தோலிக்க ஆலயங்களில், பலிபீடத்துக்குப் பக்கத்தில் அப்பமும் திராட்சை இரசமும் வைக்கும் சிறு மேசையை ஆங்கில வழிபாட்டு நூல்கள் ‘கிரீடன்ஸ் டேபிள்’ என்கின்றன. விருந்து மேசைக்குப் போகுமுன் உணவில் நஞ்சில்லை என்று ருசித்துப் பார்த்த இத்தாலிய வழக்கத்திலிருந்து வந்த பெயர் என்பது மரபான விளக்கம்.

பொருளாதாரத்தில் வருவது சற்று விரிவாகப் பார்க்கத் தக்கது. மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் 1973இல் ‘கிரீடன்ஸ்’ பண்பு கொண்ட பொருள்கள் என்று ஒரு வகையைப் பிரித்தார்கள். வாங்கிப் பயன்படுத்திய பிறகும் தரத்தை நாமாக அறிய முடியாதவை அவை. சேலத்து மாம்பழத்தில் இந்தப் பிரிவைக் கண்ணெதிரே காணலாம். மல்கோவாவின் நிறத்தையும் பருமனையும் கடையிலேயே பார்த்துவிடலாம். இனிப்பா புளிப்பா என்பது வீட்டில் அறுத்துத் தின்றால் தெரியும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்ததா என்பது தின்ற பிறகும் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஏற்காட்டுக் காபித்தூளில் ‘இயற்கை முறையில் விளைந்தது’ என்று போட்டிருப்பதும் இந்த மூன்றாம் வகை.

இத்தகைய சந்தையில் வாங்குபவரின் நாக்கும் கண்ணும் உதவாது என்பதால், வெளியார் ஒருவரின் சோதனையை நம்பியே காசு கைமாறுகிறது. அதனால்தான் கார்பைடுக்குத் தடை இருக்கிறது. பழுக்கவைக்க அனுமதிக்கப்பட்ட எத்திலீன் வாயுவுக்குப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. இயற்கை விளைபொருளுக்கு அரசு முத்திரை இருக்கிறது. மாம்பழப் பருவத்தில் அதிகாரிகள் குடோன்களில் சோதனை நடத்தி டன் கணக்கில் பழத்தை அழித்ததாகச் செய்தி வரும்போது, எந்தப் பொருளால் பழுக்கவைத்தது என்று கண்டார்கள், மாதிரி ஆய்வகத்துக்குப் போனதா, முடிவு வந்ததா என்ற மூன்றையும் அந்தச் செய்தியில் தேடிப் பார்க்க வேண்டும். ஆய்வக முடிவு வருமுன் எழுதப்பட்டதென்றால் அது புகாருக்கு வலுச் சேர்க்கும் கட்டத்தில் இருக்கிறது.